கிளாடிஸ் முட்டையிடும்வரை

தோளில் போட்டிருக்கிற துணியை மட்டும் எடுத்துவிடாதீங்க அக்கா. உள்ளே வந்தாயிற்றே, இனி எதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்து, மடித்து, பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கம்பிக் கதவு வழியாக ஒரு கண் பார்க்கும். ஒரே கண். அது எப்போதும் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகத்தான் பார்க்கும். அதனால் இருக்கட்டும். வேர்க்கிறதா? ஃபேனைக் கூட்டி வைக்கிறேன். துணி இருக்கட்டும்.

பால்கார அண்ணன் உங்களிடம் எப்படிச் சொன்னார்? சுடலைமுத்து அண்ணன் எதையுமே பாதிதான் சொல்வார். "பைபாஸைத் தாண்டி புது பிளாட்டுல ஒரு பொண்ணு சேவல் குடுக்குது, சும்மாவே குடுக்குது" என்று சொல்லியிருப்பார். கேட்டில் தொங்குகிற நீலக் கட்டத் துணியைப் போர்த்திக்கொண்டு போங்க என்று சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் நாலாட்டின்புதூரிலிருந்து பஸ் ஏறி வருவீங்களா?

கொடுக்கத்தான் போகிறேன் அக்கா, அதில் மாற்றம் இல்லை. மத்தியான ரயிலில் எங்கள் வீட்டுக்காரர் வருகிறார். அவர் வருவதற்குள் சேவல் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் இந்த வீட்டைப் பூட்டி, என்னையும் குழந்தையையும் சங்கரன்கோவிலில் அவருடைய அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவாராம். போனில் சொல்லிவிட்டார். "ஒண்ணு அந்தச் சேவல் இருக்கணும், இல்ல நீ அந்த வீட்டுல இருக்கணும்." அத்தை வீட்டுக்குப் போவதில் எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே பின்பக்கம் கிடையாது. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. மற்றபடி அத்தை இருக்கிறார்கள்.

எத்தனை கிலோ இருக்குமா? ஏன் அக்கா எடையைக் கேட்கிறீங்க?

சரி, சரி, பையில் தூக்குவதற்குத்தானே. கோபப்படாதீங்க. இதற்கு முன்னால் ஒருவர் வந்தார், அவரும் முதலில் எடையைத்தான் கேட்டார். கடைசியில் பார்த்தால் அவருடைய தங்கச்சிக்கு மறுவீட்டு விருந்தாம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் ஒரு ஜீவனை வாங்கிக்கொண்டு போகிறீங்க, அதன் குணம் தெரிய வேண்டாமா.

நான் பயந்தவள் கிடையாது. அத்தைதான் ஊரெல்லாம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னெச்சரிக்கை உண்டு, அவ்வளவுதான். இந்த பிளாட்டில் மொத்தம் மூன்று வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றுக்குக் கூரையே போடவில்லை. மிச்சமெல்லாம் மனை அளந்து நட்ட மஞ்சள் கல்லும் வேலிக்கருவையும்தான். அவருக்கு சத்தீஸ்கர் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. கைக்குழந்தையோடு நான் ஒருத்தி. அதனால் அவருடைய செருப்பு ஒரு ஜோடியை வாசலில் போட்டு வைத்திருந்தேன். அவருடைய கைலியைக் காலையில் நனைத்துக் கொடியில் போடுவேன், சாயங்காலம் எடுப்பேன், மறுபடியும் காலையில் நனைப்பேன். யாரும் கட்டாமலே, நனைத்து நனைத்தே நைந்துபோனது அந்தக் கைலி. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்குள்ளே பார்த்து, "ஏங்க, சாப்பிட வாங்க, ஆறிப்போகுது" என்று ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவேன்.

ஒருநாள் சுடலைமுத்து அண்ணன் பால் ஊற்றும்போதே கூப்பிட்டுவிட்டேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"சார் வந்திருக்காகளா தங்கச்சி?"

"வந்திருக்காங்க. குளிக்கிறாங்க."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் குளித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணன் கேட்பதை விட்டுவிட்டார். ஆனால் அன்றிலிருந்து பாலைக் கொஞ்சம் கூடவே ஊற்றுகிறார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு முட்டை மஞ்சள் கரு கொடுங்க என்று டாக்டரம்மா சொன்னார்கள். கடை முட்டையில் என்னென்னவோ மருந்து என்கிறார்கள், படித்தால் தூக்கம் வராது. அதனால் முட்டைக்கு வந்த நாட்டுக் கோழியாக ஐந்து வாங்கிப் பின்பக்கம் விட்டேன். ஐந்தும் தங்கம் அக்கா. ரோஸ்லின், ஹமீதா, புஷ்பலதா, தமயந்தி, கிளாடிஸ். என்னோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள் பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் நான் கான்வென்ட் ஹாஸ்டல். அந்த ஏழு வருஷமும் நான் ஒருநாள்கூட எதற்கும் பயந்தது இல்லை. அது வேறு விஷயம்.

முட்டை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து அண்ணன்தான் ஆரம்பித்தார். "சேவல் இல்லையா தங்கச்சி? சேவல் இல்லாத முட்டை வெறும் முட்டை. பிள்ளைக்கு அதுல என்ன சத்து இருக்கும்?"

எனக்குத் தெரியும் அக்கா. நான் விலங்கியல் படித்தவள். கோழி தன்பாட்டுக்கு முட்டையிடும், சேவலுக்கும் மஞ்சள் கருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதை அவருக்கு எப்படி விளக்குவது? விளக்க வேண்டுமென்றால் சேவல் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமென்றால்... எங்கள் சிஸ்டர் அந்தப் பாடம் வந்ததும், "இது எளிதான பாடம், நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வராது" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். பரீட்சைக்கு வந்தது. ஒருத்தியும் எழுதவில்லை. அப்படிப்பட்ட விஷயத்தை, கையில் பால் தூக்குவாளியோடு நிற்கிற ஒரு மனுஷரிடம் வாசலில் வைத்து நான் எப்படிச் சொல்ல முடியும்? "சரி அண்ணே" என்றேன். அடுத்த நாள் அவரே ஒரு சேவலோடு வந்து நின்றார்.

அப்போது அது இவ்வளவு பெரிது இல்லை. செவலை நிறம், கழுத்தில் மட்டும் பொன் மாதிரி இறகு. இறக்கிவிட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டுக்கும் கிணற்றடிக்குமாக ஒரு நடை நடந்தது பாருங்க. எங்கள் கான்வென்ட் வாட்ச்மேன் தொம்மை அண்ணன் நடையேதான். அந்த அண்ணன் கேட்டில் நின்றால் ஒரு ஆண்பிள்ளை உள்ளே வர முடியாது. பெற்ற அப்பாவே என்றாலும் ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் வேப்பமரத்தடி பெஞ்சு வரைக்கும்தான். யூனிஃபார்ம் போட்டவள் போனால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மற்றவர்களுக்குக் கம்பு குறுக்கே வந்துவிடும். நல்ல மனுஷர். அதனால் இதற்கும் தொம்மை என்றே பெயர் வைத்தேன்.

ஆனால் முதல் நாள் காலையிலேயே இது ரோஸ்லின் மேல் ஏறிக்கொண்டு கொண்டையைக் கவ்வியது. நான் சண்டை என்று நினைத்தேன் அக்கா. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். விலக்கிவிட்டால் ஹமீதாவிடம் போகிறது. சுடலைமுத்து அண்ணனிடம் புகார் சொன்னேன், "இது ஒரே அடிதடி அண்ணே, வேறு மாற்றிக் கொடுங்க" என்று. அவர் தூக்குவாளிக்குள்ளே பார்த்துக்கொண்டு, "அது அப்படித்தான் தங்கச்சி" என்றார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அன்றைக்கே பின்பக்க ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டேன். பிள்ளை பார்க்க வேண்டாம் பாருங்க.

சிரிக்காதீங்க அக்கா. அந்தக் கோழிகள் முதுகைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீங்க. அதன் கால் முள் பட்டுப் பட்டு இறகெல்லாம் உதிர்ந்து, தோல் தெரிந்து, பாவம் கிளாடிஸுக்கு ரத்தமே வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் என்றால், பெட்டியில் என்னுடைய பழைய ஸ்கூல் யூனிஃபார்ம் இருந்தது. நீலக் கட்டம். அம்மா எத்தனையோ தடவை தரை துடைக்கக் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை வெட்டி ஐந்து கோழிக்கும் முதுகை மூடுகிற மாதிரி சட்டை தைத்துவிட்டேன். சிறகுக்குள் மாட்ட எலாஸ்டிக், கழுத்தில் ஒரு ஹூக். கன கச்சிதம். ஐந்தும் நீலக் கட்டம் போட்டுக்கொண்டு வரிசையாகக் குப்பைமேட்டுக்குப் போகிறபோது, அப்படியே பிரேயருக்குப் போகிற மாதிரி இருக்கும். மிச்சத் துணியில் பிள்ளைக்கு ஒரு கவுன். அதற்கும் மிச்சத்தில் துண்டு துண்டாக நாலைந்து. அதில் ஒன்றுதான் உங்கள் தோளில் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் இது ஆளுக்குத் தக்க ரூபம் காட்ட ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பி, சிலிண்டரை முன்னால் வைத்து உருட்டிக்கொண்டே வந்து, பாதி வழியில் சிலிண்டரை விட்டுவிட்டு ஓடிவிட்டான். மீட்டர் பார்க்க வந்தவர் ரோட்டில் நின்றே, "நீங்களே பார்த்துச் சொல்லிடுங்கம்மா" என்றார். நான் பின்பக்கம் போவதென்றால் எங்கள் வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையில் சாதம் வடிக்கிற தட்டோடுதான் போவேன். ஒரே ஒரு வழிதான் உண்டு. கோழி முட்டையிட்டதும் கேறும் பாருங்க, ஊரைக் கூட்டுகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் போதும், இது எங்கே நின்றாலும், யாரைத் துரத்திக்கொண்டிருந்தாலும், விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் வர வேண்டியவர்கள் வரலாம், போக வேண்டியவர்கள் போகலாம். அதனால் கொஞ்ச காலம் இந்த வீட்டில் எல்லாமே முட்டைக் கணக்குத்தான். சுடலைமுத்து அண்ணன் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு, "புஷ்பலதா ஆச்சா தங்கச்சி?" என்று கேட்பார். "உட்கார்ந்திருக்கா அண்ணே, இப்போ ஆயிடும்" என்பேன். புஷ்பலதா முட்டையிட்டால்தான் எங்கள் வீட்டில் காப்பி.

அப்போதே கொடுத்திருக்கலாமே என்கிறீங்களா? கொடுத்திருக்கலாம்தான். பிடிக்க வேண்டுமே.

துணி விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது என்றுதான் நினைத்தேன். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். அன்றைக்கு எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. குழலி, இதோ இவள்தான், தவழ்ந்து தவழ்ந்து வெளியே போய்விட்டாள். நான் திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை கிணற்றடி மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள், அது அவளைப் பார்த்து நடந்து வருகிறது. பல்லி விழும், எறும்பு காதில் போகும், பட்டன் தொண்டையில் சிக்கும் என்று எத்தனையோ நினைத்து வைத்திருக்கிறேன், அதற்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்றும் நினைத்து வைத்திருக்கிறேன். இதற்கு ஒன்றும் நினைத்து வைக்கவில்லை. பிள்ளையின் கண் இருக்கிற உயரத்தில்தான் அதன் மூக்கு இருந்தது. கால் வரவில்லை அக்கா. தட்டு மட்டும் கையிலிருந்து விழுந்தது.

அது கிட்டே வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் மண்ணைக் கீறி, ஒரு புழுவை எடுத்து, அவள் முன்னால் வைத்து, "கொக் கொக் கொக்" என்று மெல்லமாகக் கூப்பிட்டது. தன் கோழியைக் கூப்பிடுகிற மாதிரியே. நீலக் கட்டக் கவுன் பாருங்க. ஆறாவது கோழி என்று நினைத்துவிட்டது.

இவள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "என்ன புழு?" என்று கேட்டார்கள். "சேவல் கொடுத்தது" என்றேன். அப்புறம், "நீங்க நல்லா தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அதற்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். ஹெல்மெட் இல்லை, தட்டு இல்லை, தோளில் ஒரு துண்டு நீலக் கட்டம் மட்டும். நேராக நடந்து போனேன். என்னை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒதுங்கி வழி விட்டது. துணியை எடுத்துப் பார்த்தேன், பாய்ந்தது. போட்டேன், நின்றது. அவ்வளவுதான் அக்கா சூட்சுமம். அன்றைக்கே கேட்டில் ஆணி அடித்துத் துண்டுகளைத் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் போர்த்திக்கொள்ள வேண்டியது, போகும்போது மாட்டிவிட்டுப் போக வேண்டியது. சிலிண்டர் தம்பி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டே போய்விட்டான். சுடலைமுத்து அண்ணன் ஒன்றைத் தலையில் கட்டினவர் அவிழ்க்கவே இல்லை, ஊரெல்லாம் அப்படித்தான் பால் ஊற்றுகிறார். எனக்கு ஒன்று. கேட்டில் ஒன்று. மற்றபடி துணி தீர்ந்துவிட்டது.

அதிலிருந்து நான் தூங்குகிறேன் அக்கா. கல் மாதிரி. ஏதாவது சரசரத்தால் அது குரல் கொடுக்கும், நான் புரண்டு படுப்பேன். செருப்பு, கைலி, "சாப்பிட வாங்க" எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். செருப்பையும் கைலியையும் நானாக விடவில்லை, அதுதான் வைக்க விடவில்லை. அந்தச் செருப்பைக் கொத்திக் கொத்திச் சல்லடை ஆக்கிவிட்டது. கொடியில் கைலி ஆடினால் போதும், எம்பி எம்பி உதைக்கும். அவர் வாசனையே அதற்கு ஆகாது. இப்போது என்னிடம் பயம் என்று பேருக்குக்கூட இல்லை. இருக்கிற பயமெல்லாம் வருகிறவர்களுக்குத்தான்.

அத்தை வந்ததுதான் வினை. "கேட்டில் துணி இருக்கு அத்தை, போட்டுக்கிட்டு வாங்க" என்று இங்கிருந்தே சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"எம்மவன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு நான் எதுக்குடி பள்ளிக்கூடத்துத் துணி கட்டணும்?"

"கட்டாம வராதீங்க அத்தை."

"யார வராதேங்கிற?"

வந்தார்கள். அந்தா தெரிகிறதே துவைக்கிற கல், அதன் மேல் அவ்வளவு வேகமாக ஏறுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்கள். நான் துணியை நீட்டினேன். "அதத் தொட மாட்டேன்" என்று கல்லிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் என்ன செய்ய முடியும்? கோழியை முட்டையிடு என்று சொல்ல முடியுமா? மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசம் உறைப்பு என்றார்கள். கடைசியில் தமயந்தி புண்ணியத்தில் இறங்கி, வீட்டுக்குள்ளேகூட வராமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தே மகனுக்குப் போன். "உம் பொண்டாட்டி என் மேல சேவல ஏவிவிட்டுட்டாடா."

அவர் என்னைக் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன், துணி, கட்டம், முட்டை எல்லாம். கேட்டுவிட்டு, "பிள்ளகிட்ட குடு" என்றார். "குழலிம்மா, அப்பா சொல்லு" என்றார். இவள் போனை வாயில் வைத்துக்கொண்டு "கொக் கொக் கொக்" என்றாள். முதல் பேச்சு அக்கா. நான் கைதட்டினேன். அப்புறம்தான் சொன்னார், ஒன்று அது இருக்கணும், இல்லை நீ இருக்கணும் என்று.

அதனால்தான் கொடுக்கிறேன். எனக்கென்ன, தாராளமாகக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கு எத்தனை கோழி? பன்னிரண்டா. பன்னிரண்டு முதுகு. சட்டைக்குத் துணி வேண்டுமே. இதே கட்டம் இப்போது கிடைக்காது, கான்வென்டில் யூனிஃபார்மை மாற்றிவிட்டார்கள், பழுப்பு நிறமாம். துணி இல்லாமல் அங்கே வந்தால் அதற்கு யார் கோழி யார் ஆள் என்று எப்படித் தெரியும்? உங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் எத்தனை பேர்? மூன்று பேரா. உங்கள் பழைய சேவலுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னீங்க? கீரி பிடித்துவிட்டதா. உங்கள் வீட்டில் கீரி வருகிறது. அதைச் சொல்லவே இல்லையே நீங்கள். நாய் உண்டா? அதுவும் உண்டா.

இல்லை அக்கா, மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

ஆட்டோ சத்தம்.

அவர்தான். ரயில் இன்றைக்குப் பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. பாருங்க, இளைத்துப்போய்விட்டார். குழலி, அந்தா அப்பா பார்.

கேட்கிறதா அக்கா, "இன்னும் அது இங்கதான் இருக்கா" என்கிறார். ஆமாங்க. ஒரு அக்கா வாங்க வந்திருக்காங்க. பேசிக்கிட்டு இருக்கோம். கேட்டைத் திறக்காதீங்க. திறக்காதீங்க என்றேனே.

ஐயோ பெட்டியை விட்டுவிட்டார். நல்ல வேளை, கேட்டுத் தூண் இருக்கிறது. அவருக்கு மரமேறிப் பழக்கம் உண்டு, சின்ன வயதில் பனங்காய் பறித்தவர். ஏறிவிட்டார். ஏங்க, அங்கேயே இருங்க, அசையாதீங்க. அது பேண்ட் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்ன சொல்கிறார் தெரிகிறதா? பூட்டு எங்கே என்கிறார். இன்றைக்கே வீட்டைப் பூட்டுகிறேன் என்கிறார். தூணில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பூட்டுவார்? வாய் அதட்டுகிறது, கால் நடுங்குகிறது பாருங்க. எனக்கு அந்த நடுக்கம் தெரியும் அக்கா. யாராவது வருவார்களா, யாரும் வரமாட்டார்களா என்று எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நடுக்கம். பாவம், புதுசு அவருக்கு.

அக்கா, ஒரு உதவி. அந்தத் துணியைக் கொஞ்சம் தருவீங்களா? என்னுடையதைக் கொடுத்தால் நான் எப்படி அவர் பெட்டியை எடுத்து வருவது? பயப்படாதீங்க, உங்களை உள்ளே வைத்துக் கம்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறேன். குழலியைப் பிடித்துக்கொள்ளுங்க.

ஏங்க, இந்தாங்க, இந்தத் துணியைப் பிடிங்க. போர்த்திக்கோங்க. எதுக்கா? அக்கா, எதுக்காம். "நான் இந்த வீட்டு ஆம்பள" என்கிறார். அதுதாங்க பிரச்சினையே. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதற்குத் தெரிய வேண்டாமே. ஒரு தடவை. ரோட்டில் யாரும் இல்லை. சுடலைமுத்து அண்ணன்தான் வருகிறார், அவரே தலையில் கட்டியிருக்கிறார், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போட்டுவிட்டார் அக்கா. இறங்குங்க. மெதுவாக. அதன் கண்ணைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. அப்படித்தான். நின்றுவிட்டது, பார்த்தீங்களா? தலையைச் சாய்க்கிறது. கீறுகிறது. எதையோ எடுத்துவிட்டது. அவர் ஷூவுக்கு முன்னால் வைக்கிறது. ஏங்க, குனிந்து எடுக்கிற மாதிரி ஒரு பாவனை பண்ணுங்க, இல்லாவிட்டால் அதற்குச் சங்கடம். போதும். வாங்க.

இருங்க, இருங்க. இதென்ன ஒரு பக்கச் சிறகை மட்டும் தரையில் இறக்குகிறது. ஒற்றைக் காலில் நொண்டுகிற மாதிரி அவரையே சுற்றி வருகிறது. இது ரோஸ்லினிடம்... அக்கா, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்க. பிள்ளை கண்ணை மூடுங்க. ஏங்க, சீக்கிரம் வாங்க, ஓடாதீங்க, ஆனால் சீக்கிரம் வாங்க. நான் பெட்டியோடு பின்னாலேயே வருகிறேன்.

அப்பாடா. தாழ்ப்பாள் போட்டாயிற்று. உட்காருங்க. இந்த அக்கா நாலாட்டின்புதூர். வணக்கம் சொல்லுங்க.

வந்ததும் பூட்டைக் கேட்பார் என்று நினைத்தேன் அக்கா. தண்ணீர் கேட்கிறார். குடியுங்க, மெல்லமாகக் குடியுங்க. குழலியைப் பாருங்க, அவர் தோளில் அந்தத் துணியைப் பார்த்ததும் தாவிக்கொண்டு போகிறாள். வேற்றாள் யாரிடமும் தானாகப் போகவே மாட்டாள். போனதடவை வந்தபோது அவரைக் கண்டாலே அலறினாள். இப்போது என்ன சொல்கிறாள் கேளுங்க. கொக் கொக் கொக். ஏங்க, உங்களைத்தான்.

சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

சங்கரன்கோவிலுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டேன் அக்கா. "மொதல்ல அது அந்தப் பக்கம் போகட்டும்" என்கிறார். அது எங்கே போகும்?

அப்போ சேவலை நீங்கள்... சரி, பையை மடித்துவிட்டீங்க. உங்கள் இஷ்டம். நான் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை, அவரே சாட்சி. எழுந்துவிட்டீங்களே, பஸ்ஸுக்கு நேரமாயிற்றா? துணியா? ஏங்க, அந்தத் துணியை அக்காவுக்கு... கழற்றமாட்டேன் என்கிறார் அக்கா. கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கதவையே பார்த்துக்கொண்டு. என்னுடையதா? அதைக் கொடுத்தால் பின்பக்கம் யார் போவது, அரிசி போட?

நீங்கள் உட்காருங்க. காப்பி போடுகிறேன். கிளாடிஸ் இன்னும் முட்டையிடவில்லை.